உப்பு தின்ற சுவர்களைத் தேடி

புதன், பாம்பன்

கடைசி வருட டெக்ஸ்டைல் டிசைன் மாணவர்களுக்குத் தரப்படும் தலைப்பு பெரும்பாலும் ஒரு வரிதான். எனக்கு வந்தது: "வெயிலும் மழையும் தேய்த்த பரப்புகள். அதிலிருந்து ஒரு துணித் தொகுப்பு." வகுப்பில் பாதிப் பேர் அன்று இரவே துருப்பிடித்த தகரங்களின் படங்களை இறக்கி மூட்போர்டு ஒட்டி முடித்துவிட்டார்கள். படங்கள் எல்லாம் அழகுதான். ஆனால் அந்தத் தகரம் எங்கே கிடந்தது, எது அதைத் தின்றது, எவ்வளவு காலமாகத் தின்றது என்று ஒரு படமும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடலோரச் சுற்று.

கூட வருவது நெசவுப் பிரிவில் மேற்படிப்பு படிக்கும் சீனியர் அக்கா. நான் பிரிண்ட் பக்கம், அவர் தறிப் பக்கம். ஒரே சுவரைப் பார்த்தால் நான் கறையைப் பார்ப்பேன், அவர் நூலைப் பார்ப்பார். பையில் டிரேசிங் பேப்பர், மெழுகு கிரேயான், போஸ்டர் கலர் டியூப்கள், ஒரு லென்ஸ், கஞ்சி போகத் துவைத்த காடாத்துணித் துண்டுகள், ஒரு பாட்டில் வினிகர். கேமராவும் இருக்கிறது. அதைக் கடைசியில்தான் எடுப்பது என்று பேச்சு.

சாலைப் பாலத்தின் மேல் நின்று பழைய ரயில் பாலத்தைப் பார்த்தோம். 1914 பிப்ரவரியில் திறந்த பாலம். 1964 புயலில் உடைந்து, 46 நாளில் சரிசெய்யப்பட்டு, 2022 டிசம்பரில்தான் அதன் மேல் ரயில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்துவிட்டது. நூறு வருடத்துக்கு மேல் உப்புக் காற்றில் நின்ற இரும்பு என்பதால் பெரிய எதிர்பார்ப்போடு வந்திருந்தேன். இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் அது ஒரு நிறம், அவ்வளவுதான். பரப்பு தெரியவில்லை. இறங்கிக் கரைக்குப் போனோம்.

படகுகள் நிற்கும் இடத்தில் நங்கூரம், சங்கிலி, போல்ட், கழற்றிப் போட்ட இரும்புப் பட்டைகள். இங்கேதான் வேலை ஆரம்பித்தது. இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. தண்ணீரில் உப்பு இருந்தால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அரிப்பும் வேகமெடுக்கும். இவ்வளவு பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது பிடிபட்டது, அது எந்த வரிசையில் நடக்கிறது என்பது. துரு பெயிண்டின் நடுவில் தொடங்குவதில்லை. ஓரத்திலும் போல்ட் தலையிலும் தொடங்குகிறது. கூர்மையான விளிம்பில் பெயிண்ட் தங்காமல் விலகி மெல்லிசாகிவிடும், முதலில் தோற்பது அந்த இடம். துரு இரும்பைவிட அதிக இடம் எடுப்பதால் பெயிண்டை உள்ளிருந்து தூக்குகிறது. முதலில் கொப்புளம், பிறகு வெடிப்பு, பிறகு செதில், கடைசியில் பழுப்பு நீர் கீழே ஒழுகுகிறது.

ஒழுகல்தான் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு போல்ட்டுக்குக் கீழும் ஒரு நீளக் கோடு, மேலே கரும்பழுப்பு, கீழே போகப் போக மஞ்சள்.

"இதை அப்படியே பிரிண்ட் போட்டா ஒன்வே டிசைன் ஆகிடும்" என்றார் அக்கா. "துணி வெட்டுறவங்க திட்டுவாங்க."

மேல் கீழ் உள்ள டிசைனைத் தலைகீழாகத் திருப்பி வெட்ட முடியாது. துணி வீணாகும்.

"அப்போ புடவையா போட்டுடலாமா அக்கா? வெட்டவே வேண்டாமே."

"புடவையைக் கட்டினா ஒழுகல் எந்தப் பக்கம் ஒழுகும்னு யோசி."

யோசித்தேன். புடவையின் நீளம் இடுப்பைச் சுற்றிப் போகிறது, அகலம்தான் மேலிருந்து கீழ். ஆகவே கொசுவத்தில் ஒழுகல் கீழ்நோக்கி விழ வேண்டுமானால் அதை அகலவாட்டில் அச்சிட வேண்டும். ஆனால் முந்தி தோளைத் தாண்டிப் பின்னால் தொங்கும்போது நீளம்தான் மேலிருந்து கீழாகிறது. அகலவாட்டில் போட்ட ஒழுகல் அங்கே பக்கவாட்டில் படுத்துவிடும். பக்கவாட்டில் ஒழுகும் துருவை யாரும் பார்த்ததில்லை. ஆகவே முந்திக்கு மட்டும் டிசைனை ஒரு கால் சுற்று திருப்ப வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்காகவே வந்தது சரி என்று தோன்றியது.

கிளம்பும் முன் வேண்டாமென்று எறிந்து கிடந்த போல்ட் சிலவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். காடாத்துணியை வினிகரில் நனைத்து அவற்றைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டி, ஜிப் பையில் கொஞ்சம் காற்றோடு மூடி வைத்தாயிற்று. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

வியாழன், தனுஷ்கோடி

காலையிலேயே போய்விட்டோம். வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் பரப்பின் மேடு பள்ளம் தெரியும். உச்சி வெயிலில் எல்லாச் சுவரும் தட்டை.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் இந்த ஊரை எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் அதிலிருந்தவர்களும் போனார்கள். மிஞ்சியது தேவாலயத்தின் சுவர்கள், ரயில் நிலையத்தின் பகுதிகள், இன்னும் சில கட்டடத் துண்டுகள். வசிக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் இங்கே குடிசைகளில் இருக்கிறார்கள்.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், வேலையைத் தொடங்குமுன் இது எனக்கு இடித்தது. இடிபாடு என்றால் டிசைன் ஆட்களுக்கு ஒரு மயக்கம். அந்தத் தேவாலயத்தின் நிழலுருவத்தைத் துணியில் போட்டால் நன்றாகவே விற்கும். ஆனால் ஆட்கள் செத்த இடத்தின் உருவத்தைப் போர்த்திக்கொள்ள ஒரு துணி செய்ய எனக்கு மனமில்லை. அக்காவுக்கு அவ்வளவு தயக்கம் இல்லை, "ஞாபகம் வைக்கிறதும் ஒரு மரியாதைதானே" என்கிறார். வாதம் முடியவில்லை. நான் எடுத்த முடிவு இது: கட்டடத்தின் உருவம் வேண்டாம், ஊரின் பெயரைத் தொகுப்புக்கு வைக்க வேண்டாம். கல்லுக்கும் காற்றுக்கும் இடையில் நடப்பதை மட்டும் எடுத்துக்கொள்வது.

அது ஏராளமாக நடக்கிறது. தேவாலயச் சுவர் பவளப் பாறைக் கற்களால் கட்டியது. மேலே பூசிய சுண்ணாம்புக் காரை இருக்கும்வரை அது ஒரு சாதாரணச் சுவர். காரை விழுந்த இடத்தில் உள்ளே கல் திறந்துகொள்கிறது, கல்லுக்குள் பவளப் பூச்சிகள் இருந்த அறைகள் சின்னச் சின்ன நட்சத்திரங்களாகத் தெரிகின்றன. கடலுக்குள் ஒரு உயிர் கட்டியதை மனிதர்கள் எடுத்துச் சுவராகக் கட்டி, காரையால் மூடி, காற்று மறுபடி திறந்து காட்டுகிறது. தேய்மானம் என்றால் அழிவு என்றுதான் தலைப்பைப் படித்தபோது நினைத்திருந்தேன். இங்கே அது ஒளிந்திருந்த டிசைனை வெளியே கொண்டுவருகிறது. அச்சிடுவது என்பது துணிமேல் சேர்ப்பது. இந்தச் சுவரில் நடப்பதோ கழிப்பது. ஆகவே என் வேலையும் கழிப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்று நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன்.

காற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மணலோடு வரும் காற்று தரைக்குப் பக்கத்தில்தான் அதிகமாக அறைகிறது. மணல் துகள்கள் உயரத் தூக்கப்படாமல் துள்ளித் துள்ளிப் போவதால் சுவரின் அடிப்பகுதி வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது, மேலே போகப் போகச் சொரசொரப்பு. ஒரே சுவரின் காற்றுப் பக்கமும் மறைவுப் பக்கமும் இரண்டு வேறு துணிகள்.

சுவரில் பேப்பர் வைத்துக் கிரேயானால் தேய்த்துப் படி எடுக்கவில்லை. கல்வெட்டுக்காரர்கள் ஈரத் தாளை ஒற்றி மைப்படி எடுப்பார்கள், அது உறுதியான கல்லுக்கு. இந்தக் காரை விரல் பட்டாலே உதிர்கிறது. கீழே கிடக்கும் கல்லையும் எடுத்து வரவில்லை. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது, எடுத்தால் குற்றம். ஆகவே உட்கார்ந்து வரைந்தோம். நிறத்தையும் அங்கேயே போஸ்டர் கலரில் கலந்தேன். கேமரா சுண்ணாம்பைச் சாம்பலாகக் காட்டுகிறது. நேரில் அது ஒரு பக்கம் லேசான ரோஜா, மறுபக்கம் பச்சை கலந்த வெள்ளை.

தேய்ப்புப் படி எடுக்க ஒரு படகு கிடைத்தது. கரையில் ஏற்றிக் கிடந்த பழைய மரப் படகு. கேட்டதும் அண்ணன் சிரித்தார்.

"படகை விலைக்கு வாங்கப் போறியா பாப்பா?"

"இல்லண்ணே, அதோட தோலை மட்டும்."

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. தோல்தான் மிச்சம்."

மரம் வெயிலில் தேயும் முறை இரும்பைப் போல இல்லை. மர நாரைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெயிலின் புற ஊதாக் கதிர் உடைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. வெளிறிய நார் மட்டும் மிஞ்சுவதால்தான் பழைய மரம் வெள்ளிச் சாம்பலாக இருக்கிறது. மர வளையத்தில் மென்மையான பகுதி சீக்கிரம் அரித்துப் போய், கடினமான பகுதி வரப்பாக நிற்கும். பேப்பரில் கிரேயான் ஓட ஓட அந்த வரப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஆணி அடித்த இடத்தைச் சுற்றி மட்டும் மரம் கன்னங்கரேலென்று கறுத்திருந்தது. துரு செம்பழுப்புதானே, இது ஏன் கறுப்பு? அக்காவுக்கும் பதில் தெரியவில்லை. குறித்துக்கொண்டேன்.

வெள்ளி, காரைக்குடி

வழியில் இறங்காமல் போக முடியாது என்று அக்கா சொன்னதால் இறங்கினோம். சொல்லப்போனால் எனக்கு இங்கே அதிகம் கிடைக்கவில்லை. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப் பூச்சு கண்ணாடி போல வழவழப்பாக இருக்கிறது. பராமரிக்கப்பட்ட வீடுகள் பளபளக்கின்றன, கைவிடப்பட்டவை பூட்டிக் கிடக்கின்றன. நான் தேடுவது இரண்டுக்கும் நடுவில்.

ஒரே ஒரு விஷயம் பிடித்தது, தரை. ஆத்தங்குடி ஓடுகளைச் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் நிறக் கலவையை ஊற்றி, பின்னால் சிமெண்ட் மணல் போட்டு, இறுகியதும் எடுக்கிறார்கள். நிறம் மேல்பகுதியில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு வீட்டில் வாசலிலிருந்து முற்றம் வரை நடந்து நடந்து பூக்கள் மங்கிய ஒரு பாதை தெரிந்தது. சுவரோரமாக அதே பூ புத்தம் புதிதாக இருந்தது. ரிபீட், அதாவது திரும்பத் திரும்ப வரும் டிசைன், அப்படியே நிற்கிறது, அதன் மேல் ரிபீட் இல்லாத தேய்மானம் ஓடுகிறது.

இது என்னுடைய பெரிய தலைவலிக்கு ஒரு வழி காட்டியது. தேய்ந்த சுவரில் எதுவும் இரண்டாம் முறை வராது. ஸ்கிரீன் பிரிண்டிங்கிலோ ஒரே சட்டம் திரும்பத் திரும்ப வரும். ஒரு அழகான செதிலை வரைந்துவிட்டால் அது ஒவ்வொரு ரிபீட்டிலும் வரிசை கட்டி நின்று மாட்டிக்கொடுக்கும், கண் முதலில் அங்கேதான் போகும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு ஸ்கிரீனின் ரிபீட் 45 செ.மீ., இன்னொன்றுடையது 35 செ.மீ. என்று வைத்தால் இரண்டும் மறுபடி அதே இடத்தில் சந்திக்க 315 செ.மீ. ஆகும். ஐந்தரை மீட்டர் புடவையில் அந்த நீளம் இரண்டு முறைகூட முழுதாக வராது. ஸ்கிரீன் இரண்டுதான், ஆனால் கண்ணால் பிடிக்க முடியாது. அக்காவிடம் காட்டினேன். "பரவாயில்லையே, பிரிண்ட் ஆளுங்களும் கணக்குப் போடுறீங்க" என்றார். தறிக்காரர்களுக்கு எப்போதும் இந்தத் திமிர் உண்டு.

சனி, தரங்கம்பாடி

1620இல் தஞ்சை நாயக்கரின் இசைவோடு டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். டேன்ஸ்போர்க் கோட்டையைப் புதுப்பித்துப் பூசியிருக்கிறார்கள், அது கட்டடத்துக்கு நல்லது. எனக்கு வேண்டியது பூசாத சுவர்கள். கடற்கரையில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது, 1306இல் கட்டியது. அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது.

தெருக்களுக்குள் நடந்தால் பழைய செங்கல் சுவர்கள். ஒரு காம்பவுண்டுச் சுவரின் முன்னால் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, சுவரில் என்ன தகராறு என்று கேட்டுவிட்டுப் போனார்.

சுவரின் அடியில் ஈரம். அதற்கு மேல், சுமார் இடுப்பு உயரத்தில், ஒரு பட்டை முழுக்கக் காரை பொரிந்து செதில் செதிலாக நிற்கிறது. அதற்கும் மேலே சுவர் நன்றாக இருக்கிறது. ஓதம் ஏறிய சுவர் என்று ஊரில் எல்லாரும் சொல்வதுதான். நடப்பது என்னவென்றால், தரையிலுள்ள உப்புத் தண்ணீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலே ஏறுகிறது. ஓர் உயரத்தில் அது ஆவியாகிற வேகமும் ஏறுகிற வேகமும் சமமாகிவிடுகின்றன. தண்ணீர் போய்விடும், உப்பு அங்கேயே தங்கும். சுவரின் முகத்திலேயே காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும், தட்டினால் போய்விடும், பெரிய கெடுதல் இல்லை. பூச்சுக்கு உள்ளே காய்ந்தால்தான் ஆபத்து. உப்புப் படிகம் துளைக்குள் வளர்ந்து பூச்சை வெளியே தள்ளும்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா சொன்னார்: "இது பார்டர்டீ."

ஆமாம். சுவர் நெடுகக் கீழிலிருந்து ஒரே உயரத்தில் ஓடும் பட்டை. கடல் காற்றும் மண்ணும் சேர்ந்து நெய்த கரை. இதற்கு மேல் நான் டிசைன் செய்யவே வேண்டாம்.

பூச்சு உரிந்த இடத்தில் அடுக்குகளை எண்ணாமல் இருக்க முடியவில்லை. மேலே சமீபத்திய டிஸ்டெம்பர், மங்கிய நீலம். அதன் கீழ் மஞ்சள் காவி, அப்புறம் ஒரு பச்சை, அப்புறம் வெறும் வெள்ளையடிப்பு பல தடவை, பிறகு காரை, பிறகு செங்கல். ஒவ்வொரு அடுக்கும் வேறு வேறு எல்லையில் உடைந்திருப்பதால் ஓரமெல்லாம் நிலப்படம் போலக் கோடுகள். இதை அச்சில் போலியாக வரைந்தால் தட்டையாகத்தான் இருக்கும். துணியிலேயே அடுக்கு வேண்டும், அதில் மேலடுக்கைத் தின்ன வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. டெவோரே என்ற முறையில் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியின் மேல் சோடியம் பைசல்பேட் கலந்த பசையை அச்சிட்டு, காயவைத்துச் சூடுகாட்டினால், பசை பட்ட இடத்தில் பருத்தி கருகி, அலசும்போது உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் வலை மட்டும் நிற்கும். காற்றோட்டமுள்ள இடத்தில், முகமூடியும் கையுறையும் போட்டுச் செய்ய வேண்டிய வேலை, ஹாஸ்டல் அறையில் செய்வதில்லை. இன்னொன்று, கொப்புளம் வேண்டுமானால் காஸ்டிக் சோடா. பருத்தியில் அதை அச்சிட்டால் அந்த இடம் மட்டும் சுருங்கும், அச்சிடாத இடம் போவதற்கு இடமில்லாமல் உப்பி எழும்.

மத்தியானம் பார்த்த ஒரு சுவர் அந்தச் சுருக்கத்துக்கு அச்சு அசலான உதாரணம். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஓட்டை விழுந்த இடத்தை யாரோ சிமெண்டால் அடைத்திருக்கிறார்கள். சிமெண்டுத் திட்டு கல்லாக நிற்கிறது. அதைச் சுற்றி இருந்த சுண்ணாம்புதான் உதிர்ந்து ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், கெட்டிச் சிமெண்டு அவ்வளவாக விடாது. ஈரமும் உப்பும் சுற்றிப்போய்ப் பலவீனமான பக்கத்தில் வெளியேறும். ஒட்டுப் போட்ட இடம் பிழைத்துச் சுவர் சாகிறது. துணியிலும் இப்படித்தான், இரண்டு வேறு சுருக்கமுள்ள நூலைப் பக்கத்தில் பக்கத்தில் நெய்தால் ஒன்று மற்றொன்றை இழுத்துச் சிதைக்கும். அதிக முறுக்கு நூலைக் கரையில் மட்டும் ஊடையாக, அதாவது குறுக்கு நூலாகக் கொடுத்து, துவைத்ததும் கரை தானாகப் பொரிந்து நிற்கும்படி நெய்யலாம் என்று அக்கா நோட்டில் கட்டம் போட ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

ஞாயிறு

மழை. அறையிலேயே இருந்தோம். பாம்பன் போல்ட்களைப் பிரித்தேன். துணியில் மரைகளின் கோடுகள் ஆரஞ்சாக, ஓரத்தில் மஞ்சளாகப் பதிந்திருக்கின்றன. நூல் இறுக்கிய இடம் வெள்ளைக் கோடு, மடிப்புக்குள் நிறம் போகவில்லை. வினிகரின் அமிலம் இரும்பைக் கரைத்துத் துணிக்குள் கொண்டுபோய்விட்டு, காற்றுப் பட்டதும் அங்கேயே துருவாகப் படிய வைத்திருக்கிறது. அழகுதான், ஆனால் இணையத்தில் ஆயிரம் பேர் செய்கிற அழகு. சோடா உப்புக் கரைசலில் அலசி அமிலத்தைப் போக்கிக் காயவைத்தேன். வேறு செய்தி இல்லை.

திங்கள், சிக்கல்நாயக்கன்பேட்டை

கும்பகோணம் பக்கம். கருப்பூர்க் கலம்காரி இங்கே இன்னும் நடக்கிறது. கோயில்களுக்கான தொம்பை, குடைச் சீலை, தேர்ச் சீலை, விதானம் எல்லாம் கையால் வரைகிறார்கள். தேய்மானத்துக்கும் கலம்காரிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அக்காவின் ஆசைக்காகத்தான் வந்தேன்.

வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கறுப்புக்கு என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். மூலையில் இருந்த பானையைக் காட்டினார். திறந்தால் புளித்த வாசனை. பழைய இரும்புத் துண்டுகள், வெல்லம், தண்ணீர். நாள்கணக்கில் ஊற வைப்பது.

"துருப்பிடிச்ச இரும்புதான் போடணுமா ஐயா?"

"துரு ஏறாத இரும்பை வெச்சு என்னம்மா பண்றது?"

வெல்லம் புளித்து அமிலமாகிறது. அமிலம் இரும்பைக் கரைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் வினிகரில் பார்த்த அதே வேலை, நூற்றாண்டுகளாக இந்தப் பானையில் நடக்கிறது. வித்தியாசம் துணியில். அவர்கள் துணியை முதலிலேயே கடுக்காய்க் கரைசலில் தோய்த்துக் காயவைத்திருக்கிறார்கள். கடுக்காயில் துவர்ப்புச் சத்து, அதாவது டானின் இருக்கிறது. இரும்புக் கரைசல் நிறமே இல்லாதது போல வெளிறித்தான் இருக்கிறது. எழுதுகோல் துணியைத் தொட்ட இடத்தில், தொட்ட கணத்தில், கறுப்பு. அதே துணியில் படிகாரம் தொட்ட இடம் பிறகு சாயவேரில் கொதிக்கும்போது சிவப்பாகும். எங்கே எது பட்டது என்பதை வைத்துத் துணியே நிறத்தை முடிவு செய்துகொள்கிறது.

தனுஷ்கோடிப் படகின் ஆணிக்குப் பதிலும் இங்கேதான் இருந்தது. மரத்திலும் டானின் உண்டு. துருப்பிடித்த ஆணியைச் சுற்றி மரம் கறுத்தது கலம்காரிக் கறுப்பேதான், யாரும் வரையாத கலம்காரி.

பையிலிருந்த போல்ட் துணியை எடுத்துக் காட்டி, கடுக்காய்த் தண்ணீரில் நனைக்கலாமா என்று கேட்டேன். ஐயா ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். ஆரஞ்சுக் கோடுகள் சாம்பலாகி, அடர்ந்து, கருநீலக் கறுப்பாகின. மெல்லிய ஓரங்களில் மட்டும் மஞ்சள் மிஞ்சியது. நூலின் வெள்ளைக் கோடு பக்கத்தில் கறுப்பு வந்ததும் பளிச்சென்று எழுந்து நின்றது. ஐயா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"இரும்பை அளவாப் போடும்மா. அதிகமானா துணியைத் தின்னுடும்."

இதை வகுப்பில் படித்திருக்கிறேன், காதில் ஏறவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் சின்ட்ஸ் என்ற வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகளில் சிவப்பும் நீலமும் நன்றாக இருக்கும், கறுப்புக் கோடு இருந்த இடத்தில் மட்டும் துணி பொடிந்து கோட்டின் வடிவில் பிளவு விழுந்திருக்கும். இரும்பு, பருத்தி நாரைக் காற்றோடு சேர்ந்து மெதுவாக அரித்துக்கொண்டே இருப்பதால் வருவது அது. கோயில் வேலையில் சீலை நைந்தால் புதிது வரைகிறார்கள். அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாளர்கள் பிளவுக்குப் பின்னால் மெல்லிய துணி வைத்துத் தைக்கிறார்கள். இரண்டுமே நியாயமான பதில்கள். என் தொகுப்பு எந்தப் பக்கம் என்று அக்கா கேட்டார். பஸ் வரும்வரை பேசினோம்.

புதன், மறுபடி வகுப்பில்

மேடத்திடம் எல்லாவற்றையும் விரித்து வைத்தேன். வரைபடங்கள், தேய்ப்புப் படிகள், நிறச் சீட்டுகள், கறுத்த துணி. ஃபோட்டோக்களை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, படகின் படியைத்தான் நெடுநேரம் வைத்திருந்தார்.

தொகுப்பு மூன்று துணிகள் என்று முடிவாகியிருக்கிறது. ஒன்று பாம்பன் ஒழுகல் புடவை, கடுக்காய் ஏற்றிய பருத்தியில் இரும்புக் கரைசல், முந்தியில் திசை மாறும், இரண்டு ஸ்கிரீன் கணக்கோடு. இன்னொன்று டெவோரேயில் அடுக்குச் சுவர். அதில் எனக்கு இன்னும் திருப்தி இல்லை. உரிந்த ஓரம் சுவரில் இருப்பது போலக் கூர்மையாக வரவில்லை, பசை கசிகிறது, கெட்டி ஆக்கிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது அக்காவோடு சேர்ந்து செய்வது, இதுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரட்டைத் துணியாக நெய்வது. மேலடுக்கு மெல்லிய பருத்தி, அதில் கரை உயரத்தில் இரும்புக் கறுப்பு, ஐயா சொன்ன அளவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. அடியடுக்கு பாலியெஸ்டர், மாசிலாமணிநாதர் கோயில் பக்கத்தில் கலந்த அந்த மங்கிய பச்சை. இரும்பு பருத்தியைத் தின்னத் தின்ன அடியிலிருப்பது கோடு கோடாக வெளியே வரும். தேய்ந்தது போலத் தெரியும் துணி கடையில் நிறையவே இருக்கிறது. இது வாங்கும்போது புதிதாக இருக்கும், கட்டக் கட்டத் தேயும், எங்கே எப்படித் தேய வேண்டும் என்பது மட்டும் நெய்யும்போதே தீர்மானமாகியிருக்கும்.

"கிழியறதுக்கு எவ்வளவு வருஷம் ஆகும்?" என்றார் மேடம்.

"தெரியாது மேடம்."

"தெரியாம நடுவர் முன்னாடி வைக்க முடியாது. சோதிச்சுப் பாரு."

ஆகவே மாதிரித் துண்டை இரண்டாக வெட்டினேன். ஒரு பாதி லேபில் ஒளிச் சோதனைப் பெட்டிக்குள், ஒன்று முதல் எட்டு வரை எண்ணிட்ட நீலக் கம்பளித் துண்டுகளோடு இருக்கிறது. அவை எவ்வளவு வெளுக்கின்றன என்பதை வைத்து மற்றதை அளப்பார்கள். நார் எவ்வளவு வலுவிழந்தது என்பதை அப்புறம் இழுவிசை எந்திரத்தில் பார்க்க வேண்டும். இன்னொரு பாதி ஹாஸ்டல் மொட்டை மாடிக் கொடியில், வெயில் மழை எதுவானாலும் கிடக்க வேண்டியது. துப்புரவு அக்கா அதை ஒரு முறை எடுத்து, துவைத்து, நீவி மடித்து என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். இப்போது பக்கத்திலேயே ஒரு அட்டை தொங்குகிறது: "அக்கா, இது காயப்போட்டது இல்லை. எடுக்காதீங்க."